தையல் தொடங்கும்போதே மெஷின் துணியை விழுங்குவது ஏன், தடுப்பது எப்படி?

உங்கள் கேள்வியின் சாரம் இது: ஜிக்ஜாக் வசதியுள்ள வீட்டுத் தையல் மெஷின். வாயில் (voile), ஜார்ஜெட் போன்ற மெல்லிய துணிகளைத் தைக்கத் தொடங்கினால் முதல் இரண்டு மூன்று தையலிலேயே துணியின் முனை ஊசித் துளைக்குள் போய் மாட்டிக்கொள்கிறது. டென்ஷனை, அதாவது மேல் நூலின் இறுக்கத்தை, கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டீர்கள், பலனில்லை. தொடக்கத்தைத் தாண்டிவிட்டால் எந்தத் தொல்லையும் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரியில்தான் விடை இருக்கிறது. நடுவில் நன்றாகத் தைக்கிற மெஷினில் பெரிய பழுது இருக்க வாய்ப்பில்லை. எனவே டென்ஷன் திருகை முதலில் பழைய எண்ணுக்கே கொண்டுபோய் வையுங்கள். தொடக்கத்தில் மட்டும் இல்லாமல் போகிற இரண்டு விஷயங்கள் உண்டு. நூலைப் பிடித்து நிறுத்த முந்தைய தையல் இல்லை. துணியைத் தாங்க ஊசிக்குப் பின்புறம் துணி இல்லை. இந்த இரண்டையும் நாமே கொடுத்துவிட்டால், மெல்லிய துணியும் முதல் தையலிலிருந்தே ஒழுங்காக நகரும்.

இது ஏன் என்று கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஒரு துண்டுத்துணியை வைத்து, கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக மிக மெதுவாகச் சுற்றுங்கள். ஊசி துணியைத் துளைத்துக் கீழே இறங்குகிறது. அடிவரை போய், இரண்டு மில்லிமீட்டர் அளவு திரும்ப ஏறும்போது, ஊசிக்கண்ணை ஒட்டி நூல் தளர்ந்து ஒரு சிறு வளையமாகப் புடைக்கிறது. ஊசிக்கு அடியில் சுழலும் ஷட்டிலின் கூர்முனை அந்த வளையத்துக்குள் நுழைந்து, அதை இழுத்து விரித்து, அடி நூல் இருக்கும் பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. ஒரு தையலில் தங்கப்போகும் நூல் சில மில்லிமீட்டர்தான். ஆனால் பாபினைச் சுற்றிவர அதைப்போலப் பல மடங்கு நூல் கீழே இறங்க வேண்டும். பிறகு மெஷினின் முன்புறம் ஏறி இறங்கும் ‘நூல் தூக்கி’ என்ற நெம்புகோல் எழும்பி, இறங்கிய நூலையெல்லாம் திரும்ப மேலே உருவி, அடி நூலோடு சேர்த்து இறுக்குகிறது. ஊசி துணியை விட்டு வெளியே வந்த பிறகே தகட்டின் அடியிலுள்ள பற்கள் எழும்பித் துணியை ஒரு தையல் தூரம் பின்னால் தள்ளுகின்றன. எழும்பி, பின்னால் போய், இறங்கி, முன்னால் வரும் இந்த நான்கு அசைவு முறைக்கு ஆலன் வில்சன் என்ற அமெரிக்கர் 1854இல் காப்புரிமை பெற்றார். இன்றும் நம் மெஷின்கள் துணியை நகர்த்துவது இப்படித்தான்.

இப்போது முதல் தையலை மட்டும் நினைத்துப் பாருங்கள். ஷட்டில் நூலைக் கீழே இழுக்கிறது. ரீல் பக்கம் டென்ஷன் தட்டுகள் நூலைக் கவ்விக்கொண்டிருக்கின்றன. மறுபக்கத்தில் தொங்கும் முனையைப் பிடிக்க யாருமில்லை. எந்தப் பக்கம் எளிதாக வருகிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் நூல் வரும். முனை கீழே போய், ஷட்டில் சுற்றும் இடத்தில் சுருண்டு, அடுத்த வளையத்தோடு பின்னிக்கொள்கிறது. மூன்றாவது தையலில் அது ஒரு நூல் கட்டி. அந்தக் கட்டி துணியைத் தகட்டோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது. பற்கள் தள்ளுகின்றன, துணி நகரவில்லை, ஊசி குத்திய இடத்திலேயே மறுபடியும் குத்துகிறது.

துணி உள்ளே போவது இதிலிருந்து சற்று வேறான கதை. ஊசி இறங்கும் ஒவ்வொரு முறையும் துணியையும் கொஞ்சம் கீழே அழுத்துகிறது. நடுவில் தைக்கும்போது சுற்றிலும் துணி இருப்பதால், மேலிருந்து பாதமும் கீழிருந்து தகடும் அதை விறைப்பாகப் பிடித்துக்கொள்கின்றன. விளிம்பில் அந்தப் பிடிப்பு ஒரு பக்கம்தான். மறுபக்கம் வெற்றிடம். நேர்த்தையல் மட்டுமே போடும் பழைய மெஷின்களில் ஊசித் துளை ஊசியைவிடச் சற்றே பெரிய வட்டமாக இருக்கும். துணி நுழைய இடமே இருக்காது. ஜிக்ஜாக் மெஷினின் தகட்டில் ஊசி இடமும் வலமும் போக வேண்டுமென்பதற்காக ஐந்து, ஏழு, சிலவற்றில் ஒன்பது மில்லிமீட்டர் வரை அகலமான பிளவு இருக்கிறது. மெல்லிய துணியின் ஒற்றை முனை அதில் நுழைய முழு வாய்ப்பும் உண்டு.

ஆகவே அடுத்த முறை மாட்டிக்கொண்டால், விடுவித்த பிறகு துணியைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பு கசங்காமல், அடியில் மட்டும் நூல் பந்தாகக் கிடந்தால் குற்றம் நூலில். நூல் குறைவாகவும், துணியின் முனை குத்தப்பட்டுக் கூராகச் சுருண்டும் இருந்தால் துணிக்குத் தாங்கல் போதவில்லை, அல்லது ஊசி பொருந்தவில்லை. இரண்டும் சேர்ந்தே வருவதும் சாதாரணம். ஆனால் எது முதலில் என்று தெரிந்துகொண்டால் வேண்டாததைத் திருகிக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

நூலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலோருக்கு இது ஒன்றே போதும். மேல் நூல், அடி நூல் இரண்டின் முனையும் பத்து சென்டிமீட்டராவது வெளியே இருக்க வேண்டும். அடி நூல் தகட்டின் அடியில் ஒளிந்திருந்தால் மேலே எடுங்கள்: மேல் நூலின் முனையை இடது கையில் பிடித்துக்கொண்டு கைச்சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றினால், மேல் நூலோடு அடி நூல் ஒரு கண்ணியாக மேலே வரும், அதை இழுத்து விடலாம். இரண்டு முனைகளையும் பாதத்தின் அடியாகக் கொண்டுபோய்ப் பின்னால், சற்று இடப்புறமாக விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று தையல் விழும்வரை விடாதீர்கள். பிடிப்பது வேறு, இழுப்பது வேறு. இழுத்தால் ஊசி வளையும்; வளைந்த ஊசி தகட்டில் இடிக்கும். நூல் நழுவாத அளவுக்குப் பிடித்தால் போதும். தானாக நூல் வெட்டும் வசதியுள்ள மெஷின்கள் குட்டையான முனையை விட்டுவைக்கும். தடித்த துணியில் அதனால் கேடில்லை. ஜார்ஜெட்டுக்கு அந்த வசதியை நம்பாமல் கையால் நூலை வெளியே எடுத்துவிட்டுத் தொடங்குவதே நல்லது.

அடுத்து, நூல் தூக்கியின் நிலை. தொடங்கும்போதும் முடித்துத் துணியை வெளியே எடுக்கும்போதும் அது உச்சியில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு தையல் முழுமையாக முடிந்து, ஷட்டில் நூலை விட்டிருக்கும். பாதி வழியில் நிற்கும்போது துணியை இழுத்தால், பாபினைச் சுற்றி மாட்டியிருக்கும் வளையமும் சேர்ந்து வரும். அந்த மிச்சம் அடுத்த தையலின் தொடக்கத்தில் வந்து சிக்கும். புதிதாகக் கற்பவர்களுக்கு நான் முதலில் பழக்குவது இதைத்தான். மிதியிலிருந்து காலை எடுத்ததும் வலது கை தானாகச் சக்கரத்துக்குப் போய் நூல் தூக்கியை மேலே கொண்டுவர வேண்டும்.

நூலை மெஷினில் கோக்கும்போது பாதம் உயர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதத்தைத் தூக்கினால்தான் டென்ஷன் தட்டுகள் விரியும். பாதம் இறங்கிய நிலையில் கோத்தால் நூல் தட்டுகளுக்கு இடையில் உட்காராமல் வெளியே தவழும். மேல் நூலுக்குப் பிடிப்பே இருக்காது. துணியின் அடியில் நூல் குவிகிறது என்பதற்காகப் பலர் பாபினை எடுத்து எடுத்துப் பார்ப்பார்கள். அடியில் சிக்கு என்றால் பெரும்பாலும் காரணம் மேல் நூல். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எத்தனையோ மணி நேரம் மிச்சமாகும்.

மிதிக்கட்டை உள்ள மெஷின் என்றால் இன்னொன்று: காலை வைத்ததும் சக்கரம் பின்னோக்கி ஒரு அரைச் சுற்றுப் போனாலே நூல் சிக்கிவிடும். வலது கையால் சக்கரத்தை உங்கள் பக்கமாகத் தள்ளிவிட்ட பிறகு கால் அதைத் தொடரட்டும்.

இனி துணிக்கு வருவோம். இதற்கு நான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த வழி துண்டுத்துணியிலிருந்து தொடங்குவது. விலை இல்லை, கருவி இல்லை, எந்த மெஷினிலும் செல்லும். ஐந்து சென்டிமீட்டர் அளவில் ஒரு வெட்டுத்துணியை இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். அதன்மேல் முதலில் தைத்து, விளிம்புக்கு ஓரிரு தையல் இருக்கும்போது நிறுத்துங்கள். தைக்க வேண்டிய துணியைத் துண்டின் விளிம்போடு முட்டும்படி பாதத்துக்கு முன்னால் வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டாம். பாதத்தைத் தூக்காமல் மெதுவாகத் தொடருங்கள். பற்கள் துண்டைப் பின்னால் இழுத்துக்கொண்டிருக்கும்போதே துணியின் விளிம்பு பாதத்தின் அடியில் நுழைந்துவிடும். இடைவெளியில் ஓரிரு தையல் வெறும் காற்றில் விழுந்தாலும் கெடுதல் இல்லை, ஏனென்றால் நூல் துண்டுத்துணியில் ஏற்கெனவே உறுதியாகப் பிடிபட்டிருக்கிறது. தையலை முடிக்கும்போதும் இன்னொரு துண்டின்மேல் ஓட்டி நிறுத்துங்கள். பாதத்துக்குப் பின்னால் இருக்கும், தைத்து முடித்த துணியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு அந்தத் துண்டை மெஷினிலேயே விட்டுவைத்தால், அடுத்த தையலுக்கு அதுவே தொடக்கம். நூல் முனைகளைப் பிடிக்கும் வேலையும் இல்லை, நூலும் வீணாகாது. ஒட்டுத்துணி விரிப்பு தைப்பவர்கள் நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளை இப்படித்தான் நிறுத்தாமல் தைத்துக்கொண்டே போகிறார்கள்.

துண்டு வைக்க முடியாத இடத்தில் ஊசியை விளிம்பிலேயே இறக்காதீர்கள். துணியைப் பாதத்தின் அடியில் நன்றாக உள்ளே தள்ளி, விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே, கைச்சக்கரத்தால் ஊசியை இறக்கி, அதன் பிறகு பாதத்தை இறக்குங்கள். அங்கிருந்து ரிவர்ஸ் அழுத்தி விளிம்பை நோக்கிப் போய், இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும்போதே நிறுத்தி, முன்னோக்கித் தைக்கத் தொடங்குங்கள். விளிம்பிலேயே தொடங்கி உடனே ரிவர்ஸ் போடுவதுதான் பலரும் செய்வது. அப்படிச் செய்தால் துணி பாதத்தின் அடியிலிருந்து விலகி, ஊசி வெறுந்துளையில் குத்தும். திரும்பி வரும்போது துணி நூல் கட்டியின்மேல் ஏற வேண்டும். மிக மெல்லிய துணிக்கு ரிவர்ஸே வேண்டாம் என்பது என் கருத்து. தையல் நீளத்தை ஒரு மில்லிமீட்டராகக் குறைத்து முதல் ஐந்தாறு தையலைப் போட்டுவிட்டு, பிறகு வழக்கமான நீளத்துக்கு மாற்றினால் முனை பிரியாது, தடிக்கவும் செய்யாது. அல்லது நூலை நீளமாக விட்டுக் கையால் முடிச்சிடலாம். உடல் வளைவுக்கேற்பத் துணியை மடித்துத் தைக்கும் டார்ட்டின் கூர்முனையில் கை முடிச்சே அழகாக அமையும்.

தகட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? உங்கள் மெஷினுக்கு நேர்த்தையல் தகடு தனியாகக் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். மெல்லிய துணி அடிக்கடி தைப்பவருக்கு அதைப்போல உதவும் துணைக்கருவி வேறில்லை. ஆனால் அதைப் பொருத்தியிருக்கும்போது ஜிக்ஜாக் போடக் கூடாது, ஊசியை இடம் வலம் நகர்த்தவும் கூடாது. ஊசி தகட்டில் மோதி உடைந்து கண்ணை நோக்கித் தெறிக்கும். தகடு கிடைக்காவிட்டால் ஊசியின் நிலையை இடது கோடிக்கு மாற்றிப் பாருங்கள். பிளவின் இடது ஓரத்தை ஒட்டி ஊசி இறங்குவதால் துணிக்கு மூன்று பக்கமும் தகட்டின் தாங்கல் கிடைக்கும். ஓர அளவு மாறும் என்பதால் தகட்டுக் கோட்டை நம்பாமல் ஊசியிலிருந்து அளந்துகொள்ளுங்கள். சிலர் பிளவின்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி, ஊசியால் ஒரு துளை மட்டும் இட்டுக்கொள்வார்கள். அவசரத்துக்கு அது உதவும். பற்களின்மேல் படாமல் ஒட்ட வேண்டும். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும், இல்லையேல் பசை ஊசியில் ஏறித் தையல் விட்டுப்போகத் தொடங்கும்.

ஜார்ஜெட், ஷிஃபான் போன்றவற்றுக்குத் துணியின் அடியில் டிஷ்யூ தாள் வைத்துத் தைக்கலாம். தாளின் விளிம்பு துணியைத் தாண்டிப் பின்னால் இரண்டு விரல் அளவு நீண்டிருக்கட்டும். பற்களுக்குப் பிடிக்க அது கிடைத்துவிடும். தைத்து முடித்ததும் தையல் வரிசையை நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தாளை ஒரு பக்கமாகக் கிழியுங்கள். மேலே தூக்கிக் கிழித்தால் தையல் இளகும். கஞ்சி தாங்கும் பருத்தித் துணி என்றால், வெட்டுவதற்கு முன்பே விளிம்பில் கஞ்சி போட்டுத் தேய்ப்பது தாளைவிட எளிது.

ஊசி. முனை மழுங்கிய ஊசி துணியைத் துளைக்காது, தள்ளும்; தள்ளப்படும் துணி போகும் இடம் அந்தப் பிளவுதான். எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு முறை மாற்றுவது பொதுவான கணக்கு. செயற்கை இழைத் துணிகளில் அதற்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கும். ஊசிப் பொட்டலத்தில் 80/12 என்பதுபோல் இருக்கும் எண்ணில் முதல் பகுதி ஊசித் தண்டின் தடிமனைச் சொல்கிறது: 80 என்றால் 0.8 மில்லிமீட்டர். வாயில், ஜார்ஜெட்டுக்கு 60/8 அல்லது 70/10. சட்டைத் துணிக்கு 80/12. தடித்த பருத்திக்கு 90/14. ஜீன்ஸுக்கு 100/16. பனியன் துணிக்கு எண் மட்டும் போதாது, முனை உருண்ட ஊசி வேண்டும். கூர்முனை ஊசி கண்ணியை அறுக்கும், அல்லது தையலைத் தவறவிடும். பெரும்பாலான வீட்டு மெஷின்களோடு வருவது 90/14 அல்லது 80/12 ஊசி. நீங்கள் ஊசியைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அதையே இன்னும் மாற்றாமல் வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.

தடித்த துணியில் நேர்வது வேறு. ஜீன்ஸ் காலின் மடிப்பு ஓரத்தில் தொடங்கும்போது பாதத்தின் முன்பகுதி துணிமேல் ஏறி நிற்கும், பின்பகுதி தகட்டை நோக்கிச் சாய்ந்திருக்கும். சாய்ந்த பாதத்தால் துணியைப் பற்களோடு அழுத்த முடியாது. துணி நகராமல் ஒரே இடத்தில் தையல் குவியும். பாதத்தின் பின்பகுதிக்கு அடியில், மடிப்பின் அதே உயரத்துக்கு வேறொரு துணியை மடித்து வைத்தால் பாதம் சமமாகிவிடும். சில மெஷின்களின் பாதத்தில் பக்கவாட்டில் ஒரு சிறு கறுப்புப் பொத்தான் இருக்கும். பாதத்தைச் சமமாகப் பிடித்துக்கொண்டு அதை அழுத்தியபடியே இறக்கினால், பாதம் சாயாமல் நிற்கும். நான்கைந்து தையல் போனதும் பொத்தான் தானாக விடுபட்டுவிடும்.

கூர்மையான முனைகளை வெட்டும்போதே யோசிக்கலாம். முக்கோணத் துண்டுகளைச் சேர்க்கும்போது கூர்முனையிலிருந்து தொடங்காமல் அகன்ற பக்கத்திலிருந்து தொடங்குங்கள். காலர் முனையின் மேல்தையலை முனையில் ஆரம்பிக்காமல் நேரான பகுதியில் ஆரம்பித்து, முனையில் ஊசியைத் துணிக்குள் இறக்கிவைத்துப் பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்புங்கள். திரும்பியதும் துணி நகர மறுத்தால் அதற்கும் வழியுண்டு. கை ஊசியால் அந்த முனையில் ஒரு நூலை முன்பே கோத்துவைத்து, திரும்பியதும் அந்த நூலைப் பின்னால் இருந்து மெல்லப் பிடித்து இழுத்தால், பற்களின் எட்டுக்குள் வரும்வரை துணி நகர்ந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் ஒருநாள் மாட்டிக்கொண்டால் துணியைப் பிடித்து இழுக்கவே இழுக்காதீர்கள். துணி கிழிவதைவிட மோசம், ஊசி வளைந்து, ஷட்டிலும் ஊசியும் சந்திக்கும் நேரமே பிசகிவிடலாம். காலை மிதியிலிருந்து எடுத்து, மின்சாரத்தை அணைத்துவிடுங்கள். சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றி ஊசியை மேலே கொண்டுவரப் பாருங்கள். அசையவில்லை என்றால் முன்னும் பின்னும் சிறிது ஆட்டுங்கள், பலம் காட்ட வேண்டாம். ஊசிக்கு அருகே மேல் நூலை வெட்டுங்கள். பாதத்தைத் தூக்கி, முடிந்தால் ஊசியையும் பாதத்தையும் கழற்றிவிடுங்கள். கீழே திறந்து பாபின் கேஸை எடுக்க முடிந்தால் எடுங்கள். துணியை ஒரு விரல்கடை உயர்த்தி, அதற்கும் தகட்டுக்கும் நடுவே தெரியும் நூல்களைச் சிறு கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டுங்கள். கத்தரியின் முனை துணியைப் பார்க்காமல் தகட்டைப் பார்த்திருக்கட்டும். அப்படியும் வரவில்லை என்றால் தகட்டின் திருகுகளைக் கழற்றினால், தகடும் துணியும் சேர்ந்தே மேலே வந்துவிடும். பிறகு நிதானமாகப் பிரிக்கலாம். தகடு திறந்திருக்கும்போதே பற்களின் இடுக்கில் அப்பியிருக்கும் பஞ்சுத் தூசியையும் நூல் துணுக்குகளையும் தூரிகையால் எடுத்துவிடுங்கள். அங்கே அடைந்த தூசி பற்களை முழு உயரத்துக்கு எழும்ப விடாது, தொடக்கத்தில் துணி தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். வாயால் ஊதாதீர்கள், தூசி உள்ளேதான் போகும், ஈரமும் சேரும்.

மெஷினை மூடுவதற்கு முன் இன்னொரு சோதனை. சிறிது பஞ்சை எடுத்து ஊசித் துளையின் விளிம்பிலும் ஷட்டிலின் முனையிலும் தடவுங்கள். பஞ்சின் இழை எங்காவது பிடித்துக்கொண்டால், முன்பு ஊசி மோதியதில் அங்கே சிறு பிசிறு எழும்பியிருக்கிறது. எவ்வளவு கவனமாகத் தொடங்கினாலும் அது நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். தகட்டில் இருந்தால் மிக நைசான உப்புத்தாளால் வழவழப்பாக்கலாம் அல்லது தகட்டையே மாற்றலாம். ஷட்டில் முனையில் இருந்தால் நீங்கள் கை வைக்க வேண்டாம், மெக்கானிக்கிடம் கொடுங்கள். கொடுக்கும்போது “துணி சிக்குகிறது” என்று மட்டும் சொல்லாமல், எந்தத் துணி, எந்த எண் ஊசி, தொடக்கத்தில் மட்டுமா அல்லது நடுவிலுமா என்பதைச் சொல்லி, சிக்கிய துணித் துண்டையும் காட்டுங்கள்.